கீழ்வீட்டு அக்காவின் மெட்டல் டிடெக்டர்

அந்த வீட்டுக்குள் ஒரு எலக்ட்ரீஷியனோ மெக்கானிக்கோ நுழைந்து நான் பார்த்ததில்லை. ஆரணியில் நான் மாடி போர்ஷனில் குடியிருந்த காலம் முழுவதும், கீழே எது கெட்டுப்போனாலும் அக்காதான் பிரித்தார், அக்காதான் மாட்டினார். சரியாக மாட்டினார் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் சில ஸ்க்ரூ மிஞ்சும். மிஞ்சினதை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பார். கம்பெனிக்காரன் சும்மா கனத்துக்குப் போட்டு அனுப்புகிறான், அதெல்லாம் தேவையே இல்லை என்பது அவர் கட்சி.

அவர் கை பட்ட பிறகு ஹாலில் இருந்த மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. காற்று கூரைக்குப் போயிற்று, கீழே உட்கார்ந்தவனுக்கு வேர்த்து ஊற்றியது. கேட்டால், தறி மேல் காற்று அடித்தால் பட்டு இழை பறக்கிறது, இப்போதுதான் சௌகரியமாக இருக்கிறது என்றார். மிக்ஸி ஓட வேண்டுமானால் ஒரு கையால் மூடியை அமுக்கி, மறு கையால் ஒயரை மேல்பக்கமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் சட்னி அரைக்கத் தேங்காய் எடுத்துப் போனால் மிக்ஸியோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். எனக்கு எரிச்சலாகத்தான் வரும். ஆனால் அக்கா என்னிடம் ஒரு முறை காரணம் சொன்னார், அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

"வெளிய குடுத்தா அவன் உள்ள இன்னா பண்ணான்னு நமக்கு எப்பிடித் தம்பி தெரியும்? அவன் சொல்றத நம்பிகினு வரணும். எனக்கு அது ஆவாது."

அவ்வளவுதான் அக்கா. ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்காமல் யார் சொன்னதையும் ஏற்க மாட்டார். வேலை சுத்தமாக முடிகிறதா என்பது இரண்டாம் பட்சம்.

நான் அப்போது சேலை டிசைன் போடும் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் இருந்தேன். பார்டர், புட்டா, முந்தானை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பது வேலை. அதைத் தறிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டின் பெட்டியில் செருகினால், எந்த இழை ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று பெட்டியே பார்த்துக்கொள்ளும். அந்தப் பெட்டி மக்கர் செய்தால் மற்ற தறிக்காரர்கள் பெங்களூரில் இருந்து ஆள் வரும்வரை தறியை நிறுத்திவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா ஏணி போட்டு ஏறிப் பெட்டியைக் கீழே இறக்குவார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து சால்டரிங் வைக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். பத்துக்கு ஐந்து தடவை பெட்டி ஓடும். மீதி ஐந்து தடவை அன்னப்பட்சிக்குத் தலை இல்லாமல் புட்டா விழும். அதற்கு என் டிசைனைக் குறை சொல்வார்.

அவருடைய வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எதையும் யாரிடமாவது கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஆள். கனத்த உடம்பு, மெல்லிய பேச்சு. செய்யாறு ரோட்டில் நெல் மூட்டை ஏற்றி வந்த டிராக்டரில் மோதித் தொடை எலும்பு உடைந்து, வேலூரில் ஆப்பரேஷன் செய்து உள்ளே பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு லேசாக இழுத்து இழுத்து நடப்பார். அக்கா டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாராம். ஸ்க்ரூவெல்லாம் நல்லா டைட்டா இருக்குதா என்று கேட்டாராம். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் அக்கா பிரித்துப் பார்க்காத ஒரே இடம் தன் தொடைதான், எப்போதும் அதன் மேல் அவருக்கு ஒரு கண் இருக்கிறது என்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கமண்டல நாகநதியில் தண்ணீர் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. மணலும் மணல் எடுத்த பள்ளமும் நாணலும்தான் எங்களுக்குத் தெரிந்த ஆறு. இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது என்றதும் ஊரே கிளம்பிப் போயிற்று. நானும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அண்ணன் சாயங்காலம் போனார். திரும்பி வரவில்லை.

வண்டி கரையில் பூட்டாமல் நின்றது. செருப்பு வண்டிக்குப் பக்கத்தில் ஜோடியாகக் கிடந்தது. இறங்கிக் கால் நனைத்திருப்பார், இழுக்கிற கால் சறுக்கியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கையில் போன் இல்லை. சார்ஜ் ஏறவில்லை என்று அவர் கடையில் கொடுக்கப் புறப்பட்டபோது அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டார். அண்ணன் ஆற்றைப் பார்க்கப் போன நேரத்தில் அந்தப் போன் அக்காவின் மேஜையில் வயிறு பிரிந்து கிடந்தது. இதை யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

தீயணைப்பு ஆட்கள் ரப்பர் படகில் தேடினார்கள். தண்ணீர் வடிந்ததும் கரையோரமாக நடந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. மணல் லாரிக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களை வெள்ளம் ஒரே நாளில் மூடியிருந்தது. அதற்குள் ஆள் போய்விட்டால் ஆற்றுக்குத்தான் தெரியும் என்று கைவிட்டுவிட்டார்கள். போலீஸில் காணவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

முள்ளிப்பட்டில் இருந்து அண்ணனுக்கு மூத்தவர் வந்தார். நல்ல மனிதர், அழுதுகொண்டேதான் பேசினார். தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம், போன உயிர் அலையக்கூடாது என்றார். அக்கா நெற்றியில் பொட்டோடு நின்றார். செத்ததை யார் பார்த்தது என்று கேட்டார். திருவண்ணாமலையில் சாமியார்களோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒருத்தரைப் பார்த்தேன் என்று தறிகளுக்குப் பாவு நூல் ஓட்டுகிற ஒருவர் மட்டும் சொன்னார். அக்கா அதையும் நம்பவில்லை. ஆற்றுக்குள் இருக்கிறாரா இல்லையா, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார். துக்கத்தில் பேசுகிற பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் ஒரு நாள் பழைய இரும்புக் கடையில் இருந்து அக்கா அந்த மெஷினோடு வந்து இறங்கினார். நீளமான கம்பி, அடியில் தட்டு மாதிரி வட்டம், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. யாரோ ஒரு ஆள் வீடியோ பார்த்துவிட்டுப் புதையல் தேட வாங்கி, பாழடைந்த கோயில் மேட்டைத் தோண்டப் போய் போலீஸிடம் மாட்டி, பயந்து தூக்கிப் போட்டதாம். எனக்குப் புரியவில்லை. அக்காதான் சொன்னார்.

"அவரு தொடையில இரும்பு வச்சிக்கீறாங்கல்ல தம்பி. மண்ணுக்குள்ள இருந்தா இது கத்தும்."

அந்த யோசனை வந்த மூளையைக் கண்டு எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மெஷின் உயிரில்லாமல் இருந்தது. பேட்டரி கசிந்து, பெட்டிக்குள் இருந்த போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ராணிப்பேட்டையில் இந்த மாதிரி வேலை செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும், கொண்டுபோய்த் தருகிறேன் என்றேன். கேட்டதே தப்பு என்கிற மாதிரி பார்த்தார். ஹாலில் தறியும் ஜக்கார்டும் இருப்பதால் இரும்பு அதிகம், அங்கே வைத்து மெஷினைச் சோதிக்க முடியாது என்று நூல் வைக்கிற உள்ளறையைக் காலி செய்தார். பித்தளைச் சொம்பு, எவர்சில்வர் டம்ளர், கத்தரிக்கோல், காலண்டர் மாட்டின ஆணி, ஒன்று விடாமல் வெளியே வந்தது. மெட்டியைக் கழற்றிப் பாத்ரூம் மாடத்தில் வைத்தார். தாலியைக் கழற்றவில்லை, முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டார். பட்டு நூல் கட்டு, ஜரிகைக் கட்டை, நெய்து மடித்த சேலை, இவை மட்டும்தான் உள்ளே. எல்லாம் நூல், இப்போது சுத்தமாகிவிட்டது என்றார்.

பழைய டூத் பிரஷ்ஷால் தின்னர் தொட்டுப் போர்டைத் தேய்த்தார். அறுந்த ஒயரை ஒட்டினார். உடைந்த திருகுக்குப் பதிலாகப் பேனா மூடியை மாட்டினார். சில நாள் இதே வேலை, தறி நின்றுவிட்டது. ஒரு மத்தியானம் மெஷின் உயிர் பெற்றுக் கத்திய கத்தில் நான் மாடியில் இருந்து ஓடி வந்தேன். கத்துவது நிற்கவில்லை. எதுவுமே இல்லாத அறையில் எதைப் பார்த்துக் கத்துகிறது என்று அக்காவுக்குக் கோபம். போர்டில் தப்பு இருக்கிறது என்று முடிவு கட்டினார். போர்டின் ஓரத்தில் நீலமாக ஒரு குட்டிப் பெட்டி, தலையில் ஒரு சின்ன ஸ்க்ரூ. எவ்வளவு ஆழத்தில் இருப்பதற்குக் கத்தவேண்டும் என்று வைக்கிற இடம் அது. ஜக்கார்டு பெட்டியிலும் அந்த மாதிரி ஒன்று உண்டு என்பதால் அக்காவுக்கு அது பழக்கம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனார். கடைசியில் அறை அமைதியாயிற்று. டம்ளரைக் கொண்டுவந்து தட்டின் மேல் வைத்துப் பார்த்தார், கத்தியது. எடுத்தார், நின்றது. முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஸ்க்ரூ நகராமல் இருக்க அதன் தலையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து மூடினார்.

மறுநாளில் இருந்து ஆறுதான். விடிந்ததும் போய் வெயில் ஏறுகிறவரை நடப்பார். நிதானமாக, தறியில் இழை விடாமல் பார்க்கிற மாதிரி, தட்டை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு போவார். பார்த்து முடித்த இடத்தைச் சுற்றி நாணலில் கழிவுப் பட்டு நூலைக் கட்டிவிடுவார். வண்டி நின்ற கரைக்கு நேர் கீழே ஆரம்பித்து, சிவப்பும் பச்சையுமாக அந்த நூல் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. மாடு மேய்க்கிறவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். மெஷின் எப்போதாவது கத்தும். லாரி ஸ்ப்ரிங்கில் இருந்து கழன்ற பட்டை ஒன்று கிடைத்தது, நசுங்கிய அண்டா ஒன்று கிடைத்தது. அதனால் மெஷின் வேலை செய்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நாள் ஆக ஆக அக்காவின் முகம் தெளிந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கிடைக்காத ஒவ்வொரு நாளும் அவருக்கு நல்ல நாள். தன் கையால் சரி செய்த மெஷின், தன் காலால் நடந்து பார்த்த இடம், அண்ணன் அங்கே இல்லை. அப்படியென்றால் வேறெங்கோ இருக்கிறார். போனை வாங்கி வைத்துக்கொண்ட கோபத்தில் போயிருக்கிறார், கோபம் ஆறினால் வருவார். கடைத்தெருவில் கேட்கிறவர்களிடம் முக்கால்வாசி ஆறு பார்த்தாச்சு, இல்லை என்று சந்தோஷமாகவே சொன்னார். சித்திரைக்கு அண்ணனுக்கு ஒரு லுங்கி எடுத்தார். திருவண்ணாமலையில் பார்த்ததாகச் சொன்ன அந்தப் பாவுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்து மறுபடி சொல்லச் சொன்னார். முன்பு நம்பாத பேச்சை இப்போது நம்பினார். மூத்தவர் காரியம் பற்றிப் பேச வந்தபோது வாசலோடு அனுப்பினார். எனக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. என்னவென்று சொல்லத் தெரியாமல், மாடிப்படியில் ஏறும்போது அவர் கண்ணில் படாமல் போகப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு ஆற்றுக்குப் போனேன். இன்னும் கொஞ்ச இடம்தான் பாக்கி, முடிந்துவிட்டால் தறியில் உட்கார வேண்டும் என்றார். வியர்வை துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது என் வண்டிச் சாவி எங்கோ விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மெஷின் இருக்கும்போது என்ன கவலை என்று அக்கா நாங்கள் நின்ற இடம் முழுக்கத் தட்டை ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை. இங்கே இல்லை தம்பி, வழியில் போட்டிருப்பாய் என்றார். நான் வந்த வழியெல்லாம் தேடிவிட்டு, தலைவலியோடு திரும்பி வந்து, பழைய இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தேன். ஊன்றிய கைக்கு அடியில் சாவி குத்தியது. விரற்கடை மணல்தான் அதன் மேல் இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். உங்கள் மெஷினுக்குக் கண் தெரியவில்லை அக்கா என்று கிண்டல் செய்ய வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினேன். அக்கா சாவியை என் கையிலிருந்து வாங்கினார். மணலில் புதைத்துத் தட்டைக் கொண்டுபோனார். சத்தமில்லை. மணலுக்கு மேலேயே வைத்துப் பார்த்தார். சத்தமில்லை. தட்டில் ஒட்டவைத்தபோது ஈனமாக ஒரு முனகல் வந்தது. கம்பியை மடக்கினார். வழியெல்லாம் நூல் கட்டிய நாணல்களைத் தாண்டித்தான் வந்தோம். அவர் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உள்ளறையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். நான் மாடிக்குப் போகாமல் கதவோரம் நின்றேன். நெயில் பாலிஷைச் சுரண்டி ஸ்க்ரூவைத் திருப்பினார். மெஷின் பழைய மாதிரி அலறியது. எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார், அங்கே அமைதி. உள்ளே கொண்டுவந்தார், அலறல். அதன் பிறகு அக்கா தட்டை அறைக்குள் ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டு போனார். சுவர், தரை, பட்டு நூல் கட்டு. ஜரிகைக் கட்டைகள் அடுக்கியிருந்த பலகைக்கு நேராக வந்ததும் காது கிழிந்தது. மடித்த சேலையின் முந்தானைப் பக்கம் காட்டினார், அங்கேயும் அதே கதறல்.

மெஷினை அணைத்துவிட்டு ஒரு ஜரிகைக் கட்டையைக் கையில் எடுத்தார்.

"இது நூலு தம்பி" என்றார்.

வெள்ளியும் செம்பும் அதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? விரலால் நெருடி, நல்ல ஜரிகையா போலியா என்று சொல்கிற கை அது. ஆனால் அவர் பிறந்ததில் இருந்து அது நூல் அறையில்தான் இருந்தது, நூலோடுதான் தறிக்கு வந்தது. சொம்பையும் ஆணியையும் பொறுக்கி எடுத்து வெளியே வைத்தபோது அதன் மேல் அவர் கண் போகவே இல்லை. தறி வீட்டில் பிறந்த எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஜரிகையைப் பார்த்து நியாயமாகக் கத்திய மெஷினின் காதை அடைத்து, செவிடாக்கி, அதைத் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஆறு முழுக்க நடந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அக்கா அழவில்லை. அறையில் இருந்த ஜரிகை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி எங்கள் மாடியில் கொண்டுவந்து வைத்தார். மறுபடி உட்கார்ந்து ஸ்க்ரூவைத் திருப்பி மெஷினைச் சரியாக வைத்தார். என் சாவியைக் கோரைப் பாய்க்கு அடியில், தலையணைக்கு அடியில் எல்லாம் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சுத்தமாகச் சத்தம் வந்தது.

மறுநாள் காலையில் அவர் ஆற்றுக்குப் போகவில்லை. வெயில் ஏறிய பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். அதுவரை அதை என்னைத் தொடக்கூட விட்டதில்லை. என் கையில் கொடுத்தார்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு தம்பி. நீ இன்னா சொன்னாலும் நான் நம்பிக்கிறேன்."

வேண்டாம் அக்கா, இரண்டு பேருமாகப் போகலாம் என்றேன். தறியில் வேலை இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டார். நான் தெருவைத் தாண்டுவதற்குள் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் ஆரம்பித்த இடத்திலேயே ஆரம்பித்தேன். வண்டி நின்ற கரைக்கு நேர் கீழே, முதன்முதலில் நூல் கட்டிய நாணல் புதருக்குள். வெயிலில் அந்த நூல் நிறம் போய் வெளுத்திருந்தது. அதிக நேரம் ஆகவில்லை. புதருக்கு அடியில் மணல் மேடாக ஏறுகிற இடத்தில் மெஷின் கத்தியது. லாரிப் பட்டையாக இருக்க வேண்டும், அண்டாவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கையால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் துணி தட்டுப்பட்டது. அதற்குக் கீழே எலும்போடு எலும்பாகப் பிடித்திருந்த அந்த உலோகப் பட்டை. ஸ்க்ரூவெல்லாம் அப்படியே இருந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுக் காவலுக்கு நிற்கச் சொல்லிவிட்டு, போலீஸுக்குப் போன் செய்துவிட்டு, வீட்டுக்கு நடந்தேன். வண்டியைக் கரையிலேயே விட்டிருந்தேன்.

அக்கா தறியில் இருந்தார். நான் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை. நான் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை.

"சத்தம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுக்கா."

கால் மிதியில் இருந்து இறங்கியது. தறி நின்றுவிட்டது. எந்த இடம் என்று கேட்டார். நான் மறைத்திருக்கலாம். இத்தனை காலம் யாரையும் நம்பாத மனுஷி முதல் தடவையாக என்னை நம்பி அனுப்பியிருக்கும்போது பொய் சொல்ல நாக்கு எழவில்லை. கரைக்கு நேர் கீழே, முதல் நாள் நீங்கள் நூல் கட்டிய புதர் என்று சொன்னேன்.

அக்கா நெய்த சேலையின் மேல் கையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, என் வாயிலிருந்து வருகிற எதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறவர் மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு நான் அவரு மேலயேவா தம்பி நின்னுகினு இருந்தேன்?"